எச்.சி.யா, எச்.சி.டி.யா? 3.3, 5, 24 வோல்ட்டுக்கு ஏற்ற லாஜிக் சிப்பை எடுக்க முழு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. தையல் லைனுக்கு மேலே ஒரு பி10 எல்.இ.டி. போர்டு தொங்குகிறது. இன்றைக்கு எத்தனை பீஸ் டார்கெட், இதுவரை எத்தனை முடிந்தது என்று சிவப்பெழுத்தில் காட்டும். செய்துகொடுத்தது நான். பீளமேட்டில் என் மேசையில் மூன்று நாள் இரவும் பகலும் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கொண்டுபோய் மாட்டினேன். மறுநாள் காலையிலேயே போன்.

"ஏனுங் தம்பி, போர்டு சாமி வந்தாப்ல ஆடுதுங். நம்பரே படிக்க முடியல."

போய்ப் பார்த்தேன். எழுத்துகள் ஒரு வரிசை தள்ளி நின்றன, ஒரு பேனல் பாதி இருட்டு, நடுநடுவே சம்பந்தமில்லாத புள்ளிகள். மீட்டரைப் பேனலின் சப்ளை முனையில் வைத்தால் 5.28 வோல்ட். "வெளிச்சம் பத்தலைன்னு நாந்தானுங்ண்ணா கொஞ்சம் ஏத்தி வெச்சேன்" என்றார் மெயின்டனன்ஸ் பையன். போர்டுக்கு 5 வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். ஓரத்தில் இருக்கும் திருகைத் திருப்பியிருக்கிறார். அவர்மேல் தப்பில்லை. 5.28 அந்தப் பேனலுக்கு ஒன்றும் செய்யாது. தப்பு என் சர்க்யூட்டில் முன்பிருந்தே இருந்தது. அவர் அதைத் தூக்கி வெளியே போட்டார், அவ்வளவுதான்.

எண்ணிக்கையை அனுப்பும் ஈ.எஸ்.பி.32 என்ற கன்ட்ரோலர் பேசுவது 3.3 வோல்ட்டில். பி10 பேனலின் வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்பது 74எச்.சி.245 என்ற சிப். எச்.சி. வகை, தன் சப்ளையில் 70 சதவீதம் வந்தால்தான் 'ஒன்று' என்று உத்தரவாதமாக ஏற்கும். 5 வோல்ட்டில் அது 3.5. திருகை ஏற்றி 5.28 ஆக்கியதும் 3.7. வாய்க்காலில் தண்ணீர் அதே உயரத்தில்தான் ஓடுகிறது; மடையை மட்டும் மேலே தூக்கிவிட்டால் வயலுக்கு எப்படி ஏறும்?

அப்படியானால் என் மேசையில் மூன்று நாள் எப்படி ஓடியது? அதற்கான பதிலில்தான் சிப் தேர்வின் பாதி விஷயம் இருக்கிறது. வரிசையாகப் போவோம்.

படி 1: பேசுவது யார், கேட்பது யார்

ஒரு தாளை எடுத்து இரண்டு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் சிக்னல் அனுப்பும் சிப், வலப்பக்கம் வாங்கும் சிப். ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் சப்ளை வோல்டேஜ். அதன்பின் நான்கே எண்கள்.

அனுப்புகிறவருக்கு இரண்டு. 'ஒன்று' சொல்லும்போது குறைந்தபட்சம் எத்தனை வோல்ட் தருவார் (வி.ஓ.எச்.), 'பூஜ்யம்' சொல்லும்போது அதிகபட்சம் எத்தனை வோல்ட் மிச்சமிருக்கும் (வி.ஓ.எல்.). வாங்குகிறவருக்கு இரண்டு. 'ஒன்று' என்று எடுத்துக்கொள்ள குறைந்தது எவ்வளவு வேண்டும் (வி.ஐ.எச்.), 'பூஜ்யம்' என்று எடுத்துக்கொள்ள அதிகபட்சம் எவ்வளவு வரை போகலாம் (வி.ஐ.எல்.).

தருவது கேட்பதைவிட மேலே இருக்க வேண்டும். மிச்சம் பொறுப்பதைவிடக் கீழே இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் இரைச்சலைத் தாங்கும் இடம். மேசையில் 0.2 வோல்ட் இடைவெளி போதுமென்று தோன்றும். பக்கத்தில் இருபது தையல் மோட்டார் நின்று நின்று ஓடும் இடத்தில் அது போதாது.

இந்த எண்களைச் சிப் கம்பெனி தரும் விவரத்தாளில், அதாவது டேட்டாஷீட்டில், எடுக்கும்போதுதான் நிறையப் பேர் சறுக்குகிறோம். மூன்று பத்தி இருக்கும்: மினிமம், டிபிகல், மேக்சிமம். கண் தானாக நடுப்பத்திக்குப் போகும். எச்.சி. சிப்புக்கு 4.5 வோல்ட் சப்ளையில் வி.ஐ.எச்.சின் டிபிகல் 2.4 வோல்ட், மினிமம் 3.15 வோல்ட். என் மேசையில் மூன்று நாள் ஓடியது அந்த 2.4-இன் தயவில். பெரும்பாலான சிப்புகள் சப்ளையின் பாதி அளவில் புரண்டுவிடும், அதனால் 3.3 வோல்ட் தாராளமாகத் தெரியும். ஆனால் கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது 3.15-க்குத்தான்; சப்ளை 5 ஆனால் அதுவே 3.5, நம் 3.3 அதற்கு எட்டாது. சூடு, நீளமான ரிப்பன் கேபிள், ஒயரில் விழும் வோல்டேஜ், அடுத்த லாட் சிப் எல்லாம் சேர்ந்து அந்தச் சலுகையைத் தின்றுவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. டேட்டாஷீட்டின் முதல் பட்டியலான 'அதிகபட்ச எல்லை' என்பது, அதைத் தாண்டினால் சிப் சாகலாம் என்ற எச்சரிக்கை. சர்க்யூட்டைக் கணக்குப்போட அதற்கு அடுத்து வரும் 'பரிந்துரைக்கப்பட்ட இயக்க நிலை' பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

அடிக்கடி கையில் வரும் இரண்டு போர்டுகளின் கணக்கு இது. ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏ.டி.மெகா328பி, 5 வோல்ட்டில் 3.0 வோல்ட்டை 'ஒன்று' என்று ஏற்கும். அதனால் ஈ.எஸ்.பி.32 அனுப்புவதை யூனோ நேரடியாகவே கேட்டுவிடும், 0.3 வோல்ட் இடைவெளியில். இதைப் பார்த்துவிட்டு "5 வோல்ட் எல்லாமே 3.3-ஐக் கேக்கும்" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் பி10 போர்டிடம் போய் மாட்டுவது. நானும் அப்படித்தான் மாட்டினேன். எதிர்த்திசையில், யூனோவின் 5 வோல்ட்டை ஈ.எஸ்.பி.32-க்குள் நேராக விடவே கூடாது. அதன் எல்லை சப்ளையைவிட 0.3 வோல்ட் மேலே மட்டும்.

படி 2: 74-க்கும் கடைசி எண்ணுக்கும் நடுவில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள்

கடைசி எண் சிப் என்ன வேலை செய்யும் என்று சொல்கிறது: 245 என்றால் எட்டு வழி பஃபர் (வாங்கிய சிக்னலை அப்படியே தெம்பாகத் திருப்பி அனுப்புவது), 125 என்றால் நான்கு பஃபர், 14 என்றால் ஆறு ஷ்மிட் இன்வெர்ட்டர் (ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் புரட்டுவது; ஷ்மிட் என்ன என்பது படி 5-இல்). நடு எழுத்துகள்தான் அது எந்த வோல்டேஜுக்குச் செவிசாய்க்கும் என்று சொல்கின்றன. கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்குவது, ஊர்ப் பேரை விட்டுவிட்டு வீட்டு நம்பரை மட்டும் சொல்லி ஆளைத் தேடுவது மாதிரி.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1960களில் கொண்டுவந்த பழைய 7400 வரிசையும், பிறகு வந்த எல்.எஸ். வகையும் டி.டி.எல். சிப்புகள், அதாவது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர்களால் செய்தவை. 2.0 வோல்ட்டுக்கு மேல் 'ஒன்று', 0.8-க்குக் கீழ் 'பூஜ்யம்'. இந்த இரண்டு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும். டி.டி.எல். சிப் 2.0-ஐக் கேட்கும், ஆனால் தரும்போது முழு 5 தராது, எல்.எஸ். உத்தரவாதம் கொடுப்பது 2.7 வோல்ட்தான்.

அப்புறம் வந்தது எச்.சி. இது சீமாஸ், அதாவது மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களால் செய்தது, 2 முதல் 6 வோல்ட் வரை ஓடும், மின்சாரம் கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஆனால் 5 வோல்ட்டில் 3.5 கேட்கும். பழைய போர்டில் எல்.எஸ். சிப்பைக் கழற்றிவிட்டு எச்.சி.யை வைத்தால், பக்கத்து எல்.எஸ். தரும் 2.7 அதற்கு எட்டாது. இந்தச் சிக்கலுக்காகவே செய்ததுதான் எச்.சி.டி. உள்ளே சீமாஸ், வாசலில் மட்டும் டி.டி.எல்.லின் 2.0, 0.8. சப்ளை 4.5 முதல் 5.5 வோல்ட். அன்றைக்கு எல்.எஸ்.சுக்கு மாற்றாக வந்த சிப், இன்று 3.3 வோல்ட் கன்ட்ரோலரை 5 வோல்ட் உலகத்தோடு பேசவைக்க எல்லோருக்கும் கைகொடுக்கிறது. 3.3 தருகிறோம், 2.0 கேட்கிறது, 1.3 வோல்ட் இடைவெளி. ஒரு 'டி' எழுத்துக்கு இவ்வளவு மதிப்பு.

ஏ.எச்.சி., ஏ.எச்.சி.டி. இரண்டும் இதே ஜோடியின் வேகமான தம்பிகள். ஏ.எச்.சி.யில் ஒரு கூடுதல் வசதி: சப்ளை 3.3 ஆக இருந்தாலும் உள்ளீட்டுக் காலில் 5.5 வரை தாங்கும். எச்.சி. தாங்காது.

எல்.வி.சி. வகை 1.65 முதல் 3.6 வோல்ட்டில் ஓடும், உள்ளீட்டில் 5.5 வரை தாங்கும். ஒரே கேட் மட்டும் உள்ள குட்டி எல்.வி.சி.1ஜி வகை 5.5 வோல்ட் சப்ளையிலும் ஓடும். இங்கே ஒரு குழி இருக்கிறது. '5 வோல்ட் தாங்கும்' என்று படித்துவிட்டு, 3.3-ஐ 5 ஆக்க இதை 5 வோல்ட் சப்ளையில் போடுகிறார்கள். அந்தச் சப்ளையில் எல்.வி.சி.1ஜியும் 70 சதவீதம், அதாவது 3.5 வோல்ட் கேட்கும். சுற்றிச்சுற்றி எச்.சி. நின்ற இடத்துக்கே வந்து நிற்போம். குட்டி கேட்டில் மேலே ஏற்ற வேண்டுமானால் எல்.வி.1டி வகையைத் தேடுங்கள். 5 வோல்ட் சப்ளையில் சுமார் 2 வோல்ட்டை ஏற்கும், 3.3 சப்ளையில் 1.8 வோல்ட் சிக்னலையும் கேட்கும்.

4000 வரிசை பழைய ஆள். 3 முதல் 18 வோல்ட் வரை ஓடும், நிதானமானது, 12 வோல்ட் பேட்டரி வேலைகளுக்கு இன்றும் நல்லது. வேகம் தேவைப்படும் இடத்தில் வேண்டாம்.

படி 3: சிக்னல் ஏறுகிறதா, இறங்குகிறதா

ஏறுகிறது என்றால், அதாவது 3.3-இலிருந்து 5-க்கு என்றால், எச்.சி.டி. அல்லது ஏ.எச்.சி.டி. பி10 பேனலுக்கு ஆறு சிக்னல் போக வேண்டும்: ஓ.இ. (வெளியீட்டைத் திறந்து மூடுவது), ஏ, பி, கிளாக், லாட்ச், டேட்டா. 125-இல் நான்கு கேட்தான், இரண்டு சிப் ஆகிவிடும். 245 ஒன்றே போதும், இரண்டு வழி மிச்சமும் இருக்கும்.

மாரியம்மன் நோம்பிக்கு அலங்காரத்தில் கட்டும் டபிள்யூ.எஸ்.2812பி எல்.இ.டி. பட்டிக்கும் இதே நோய், இதே மருந்து. 5 வோல்ட்டில் அதுவும் 3.5 கேட்கும் சாதி. முதல் எல்.இ.டி.யின் சப்ளையில் மட்டும் ஒரு டையோடைப் போட்டு 4.3 ஆக்கினால் அதன் தேவை 3.0-க்கு இறங்கும், அது அடுத்ததற்கு 4.3 தரும். அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். இரண்டாம் வருஷமும் கட்டப்போகிற பட்டி என்றால் ஒரு எச்.சி.டி.125 வைத்துவிடுங்கள்.

இறங்குகிறது என்றால், 5-இலிருந்து 3.3-க்கு, மெதுவான ஒற்றைச் சிக்னலுக்கு இரண்டு ரெசிஸ்டர் போதும். தண்ணீர்த் தொட்டி மட்டம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ காலில் தொடராக 10 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 20 கிலோ ஓம்; சிக்னலை அந்த மறுமுனையில் எடுங்கள். 5 வோல்ட் 3.33 ஆகும். வேகமான சிக்னலில் இந்த ரெசிஸ்டர்களும் ஒயரின் கெப்பாசிட்டன்சும் சேர்ந்து விளிம்பை மழுக்கிவிடும். அங்கே 3.3 சப்ளையில் எல்.வி.சி. அல்லது ஏ.எச்.சி. பஃபர் போடுங்கள்.

எச்.சி. சிப்பை 3.3-இல் வைத்து 5-ஐ நுழைப்பது பொல்லாத தவறு, ஏனென்றால் உடனே ஒன்றும் ஆகாது. எச்.சி.யின் ஒவ்வொரு உள்ளீட்டிலிருந்தும் சப்ளைக்கு ஒரு பாதுகாப்பு டையோடு இருக்கிறது. சிக்னல் சப்ளையைவிட மேலே போனால் அந்த வழியாக மின்சாரம் சப்ளை லைனுக்குள் ஏறும். 3.3 வோல்ட் பக்கத்தை ஆஃப் செய்தும் அதன் எல்.இ.டி. மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். போர்டு செத்துவிட்டதென்று நினைத்து நீங்கள் திரும்ப ஆன் செய்யும்போது அது பாதித் தூக்கத்தில் கிடக்கும், ஒழுங்காக ரீசெட் ஆகாது. இரண்டு பக்கமும் தனித்தனி சுவிட்ச் உள்ள மெஷின்களில் எல்.வி.சி. வகையையே நான் எடுப்பது இதற்காக. சப்ளை இல்லாதபோது அதன் கால்கள் வாயை மூடிக்கொள்ளும்.

12 வோல்ட் சிக்னலை 3.3-க்கு இறக்க 74எச்.சி.4050 இருக்கிறது, உள்ளீட்டில் 15 வோல்ட் வரை பொறுக்கும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அதன் சப்ளை வழக்கம்போல் 16-ஆம் காலில் இல்லை. ஒன்றாம் காலில். 16-ஆம் கால் எங்கும் போகாது. பழக்கதோஷத்தில் 16-இல் சப்ளையைக் கொடுத்துவிட்டு அரை நாள் தேடாதவர்கள் எங்கள் தொழிலில் குறைவு.

இரண்டு பக்கமும் போக வேண்டுமானால் வேறு கதை. இரண்டே ஒயரில் சிப்புகள் இரு பக்கமும் பேசிக்கொள்ளும் ஐ2சி லைனுக்கு, பி.எஸ்.எஸ்.138 மாஸ்ஃபெட்டும் இரண்டு 10 கிலோ ஓம் புல்-அப்பும் (லைனைச் சப்ளைப் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) கொண்ட குட்டி மாட்யூலே போதும், நன்றாகவே வேலை செய்யும். தானாகத் திசை பார்க்கும் டி.எக்ஸ்.பி.0108 ஐ2சிக்கு ஆகாது. அது மெலிதாகத்தான் பிடித்திருக்கும், வெளியே உள்ள புல்-அப் அதை இழுத்துவிடும். ஐ2சிக்கு டி.எக்ஸ்.எஸ். வகை. எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், இங்கேயும். திசை எப்போதும் ஒரே பக்கம் என்று தெரிந்தால் இந்தத் தானியங்கிச் சிப்புகளையே தொடாதீர்கள். நீளமான கேபிளில் அவை தடுமாறும். திசையை நீங்களே சொல்ல முடியுமென்றால் இரண்டு சப்ளை கொண்ட எல்.வி.சி.1டி45, எல்.வி.சி.8டி245 நம்பகமானவை. திசைக் காலின் வோல்டேஜ் ஏ பக்கச் சப்ளையைச் சேர்ந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

படி 4: மில்லின் 24 வோல்ட்

சோமனூர் தறி, பல்லடம் தறி, கோவை மோட்டார் பட்டறை என எங்கே போனாலும், பொருள் பக்கத்தில் வந்தால் சொல்லும் பிராக்சிமிட்டி சென்சார் 24 வோல்ட்டில்தான் இருக்கும். இதை லாஜிக் சிப்பிடம் நேராகக் கொண்டுவராதீர்கள், ரெசிஸ்டர் போட்டு இறக்கியும் வேண்டாம். நடுவில் ஆப்டோகப்ளர்: உள்ளே ஒரு எல்.இ.டி., அதன் வெளிச்சத்தைப் பார்த்து இழுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், இரண்டுக்கும் நடுவில் ஒயர்த் தொடர்பே இல்லை. பி.சி.817 எங்கும் கிடைக்கும்.

என்.பி.என். சென்சாரில் பிரவுன் ஒயர் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல். கறுப்பு கீழே இழுக்கும் வகை என்பதால் ஆப்டோவின் எல்.இ.டி.யை பிளஸ்ஸுக்கும் கறுப்புக்கும் நடுவில் ரெசிஸ்டரோடு போட வேண்டும். பி.என்.பி. என்றால் கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவில்.

ரெசிஸ்டர் எவ்வளவு? பலரும் 2.2 கிலோ ஓம் போடுகிறார்கள். எல்.இ.டி. 1.2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மிச்சம் 22.8, ஓடுவது 10 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. ரெசிஸ்டரில் எரிவது 0.24 வாட். கால் வாட் ரெசிஸ்டர் மூச்சுத் திணறி, சுட்டு, வருஷக்கணக்கில் கறுத்துப்போகும். 4.7 கிலோ ஓம் போடுங்கள்: 4.85 மில்லி ஆம்பியர், 0.11 வாட். ஆப்டோவுக்கு அது தாராளம்.

இதோடு நிறுத்தினால் இன்னொரு தொல்லை வரும். இந்தச் சர்க்யூட்டின் மடை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். ஆப்டோவின் வெளியீட்டில் 3.3 வோல்ட்டுக்குப் போடும் 10 கிலோ ஓம் புல்-அப்பைக் கீழே இழுக்க அதற்கு மூன்றில் ஒரு பங்கு மில்லி ஆம்பியரே போதும். அதாவது 24 வோல்ட் ஒயரில் மூன்று வோல்ட் அளவுக்கு எங்கிருந்தாவது ஏறிக்கொண்டாலே 'ஒன்று' என்று சொல்லிவிடும். மில் மெஷின்களை ஓட்டும் கன்ட்ரோலர்களான பி.எல்.சி.களுக்கான ஐ.இ.சி. 61131-2 தரம், டைப் 1 உள்ளீட்டில் 5 வோல்ட்டுக்குக் கீழே பூஜ்யம், 15-க்கு மேலே ஒன்று என்று வைத்திருக்கிறது, சும்மா இல்லை. நம் ஆப்டோவையும் அங்கே கொண்டுபோக ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை எல்.இ.டி.க்குக் குறுக்கே போட்டால் போதும். இப்போது முதல் 1.2 மில்லி ஆம்பியரை அந்த ரெசிஸ்டரே குடித்துவிடும். 4.7 கிலோ ஓமில் 1.2 மில்லி ஆம்பியர் ஓட 5.6 வோல்ட், மேலே 1.2, ஆக 6.8 வோல்ட் வந்தபிறகுதான் எல்.இ.டி. கண்ணைத் திறக்கும். 24 வந்தால் 3.6 மில்லி ஆம்பியர் இன்னும் மிச்சம். ஐம்பது பைசா ரெசிஸ்டரில் பி.எல்.சி.யின் புத்தி.

ஒயரைத் தலைகீழாகக் கொடுப்பவர்களுக்காக ஒரு 4148 டையோடும் குறுக்கே இருக்கட்டும்.

படி 5: விளிம்பு மழுங்கலாக வந்தால் ஷ்மிட்

ஆப்டோ வெளியில் வரும் சிக்னல் செங்குத்தாக ஏறாது, சாய்வாக ஏறும். அதைச் சாதாரண கேட்டில் கொடுத்தால் வி.ஐ.எல்.லுக்கும் வி.ஐ.எச்.சுக்கும் நடுவில் மெல்லக் கடக்கும் நேரத்தில் கேட் இங்குமங்கும் ஆடும். எல்.வி.சி. மாதிரி வேகமான சிப்பில் இது இன்னும் மோசம்: 3.3 வோல்ட்டில் ஒரு வோல்ட் ஏற 10 நானோ செகண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கேட்கிறது. ஆப்டோ எடுப்பதோ மைக்ரோ செகண்டுகளில். விளைவு, ஒரு பீஸ் கடந்தால் கவுண்டர் மூன்று ஏறும். "கணக்குப் பாத்தா ஆளுக்கு எரநூறு பீஸ் சேத்தித் தெச்சிருக்காங்கோ, சம்பளம் யாருங் குடுக்கறது?" என்று ஒரு முதலாளி கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஷ்மிட் ட்ரிகர் சிப்புக்கு இரண்டு மடை: ஏறும்போது ஒரு உயரம், இறங்கும்போது அதைவிடத் தாழ்வாக இன்னொன்று. நடுவில் ஆடினாலும் மனசு மாறாது. ஒரு லைனுக்கு 74எல்.வி.சி.1ஜி17, ஆறு லைன் என்றால் 74எச்.சி.14. புஷ் பட்டன், மைக்ரோ சுவிட்ச் மாதிரி உலோகம் தட்டிக் குதிக்கும் இடத்தில் ஷ்மிட் மட்டும் போதாது; முன்னால் 10 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபேரடும் சேர்த்துக்கொள்ளுங்கள், 10 மில்லி செகண்ட் அமைதி கிடைக்கும்.

படி 6: வாங்கி வந்ததைச் சோதியுங்கள்

திருப்பூர் போர்டுக்குத் திரும்புகிறேன். காரணம் புரிந்ததும் கடைக்குப் போய் 74எச்.சி.டி.245 கேட்டேன். ஒரு பொட்டலத்தில் ஐந்து மடித்துக் கொடுத்தார்கள். மாட்டினேன். அதே ஆட்டம். சாஃப்ட்வேரைச் சந்தேகித்து ஒரு இரவு போனது. விடிகாலையில் லென்ஸை வைத்துச் சிப்பின் முதுகைப் பார்த்தால், 'டி' இல்லை. எச்.சி.245. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதானுங் சார், எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். 3.5 வோல்ட் கேட்கும் பேனல் சிப்புக்கு முன்னால் 3.5 வோல்ட் கேட்கும் இன்னொரு சிப்பை நான் உட்காரவைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்தச் சிப் வந்தாலும் ஒரு சோதனை. பிரெட்போர்டில் சிப்பை வைத்து 5 வோல்ட் கொடுங்கள். சப்ளைக் காலுக்குப் பக்கத்தில் நூற்றிநாலு (0.1 மைக்ரோ ஃபேரட்) கெப்பாசிட்டர். 245 என்றால் 20-ஆம் கால் சப்ளை, 10-ஆம் கால் கிரவுண்டு, ஒன்றாம் கால் (திசை) சப்ளைக்கு, 19-ஆம் கால் (ஓ.இ.) கிரவுண்டுக்கு. 2-ஆம் கால் உள்ளீடு, அதற்கான வெளியீடு 18-ஆம் கால். 3 முதல் 9 வரை உள்ள மற்ற உள்ளீடுகளைக் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். ஒரு 10 கிலோ ஓம் பாட்டின் (திருகினால் மாறும் ரெசிஸ்டர்) இரு ஓரத்தை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்து, நடுக்காலை 2-ஆம் காலில் விடுங்கள். வெளியீட்டில் ரெசிஸ்டரோடு ஒரு எல்.இ.டி. மீட்டர் பாட்டின் நடுக்காலில்.

பூஜ்யத்திலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். எல்.இ.டி. எரியும் கணத்தில் மீட்டர் ஒன்றரை வோல்ட் பக்கம் காட்டினால் அது எச்.சி.டி. இரண்டரை பக்கம் போனபிறகுதான் எரிகிறது என்றால் எச்.சி. முதுகில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. புரளும் இடத்தில் எல்.இ.டி. அரைகுறையாக மின்னும், போன படியில் சொன்ன ஆட்டம் அதுதான், அங்கேயே நிறுத்திவைக்காமல் கடந்துபோங்கள். மொத்தமும் இரண்டு நிமிஷ வேலை.

ஐந்து காலுள்ள குட்டிச் சிப்புகளில் முதுகில் முழு எண் அச்சடிக்க இடமே இல்லை. இரண்டு மூன்று எழுத்துக் குறியீடுதான் இருக்கும். வந்த நாடாப் பட்டியிலேயே ஸ்கெட்ச் பேனாவில் பேரை எழுதிவிடுங்கள். டப்பாவில் கலந்துவிட்டால் குப்பைக்குத்தான்.

படி 7: மாட்டும்போது

சிப்பை எந்த முனையில் வைப்பது? பலர் பேனல் பக்கம் வைக்கிறார்கள். நான் ஈ.எஸ்.பி.32 பக்கத்திலேயே வைக்கிறேன். 3.3 வோல்ட் இரண்டு விரற்கடை தூரம் போனால் போதும். நீளமான கேபிளில் 5 வோல்ட் போகட்டும், அதற்குத்தான் தெம்பு. ஒவ்வொரு வெளியீட்டிலும் 33 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் கேபிள் முனையில் சிக்னல் மோதித் திரும்பி வருவது அடங்கும். கிளாக் ஒயருக்குப் பக்கத்து ஒயர் கிரவுண்டாக இருக்கட்டும்.

இரண்டு போர்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பேன், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. 24 வோல்ட் கிரவுண்டை மட்டும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஆப்டோ போட்டதற்கு அர்த்தமில்லை.

பயன்படாத உள்ளீட்டுக் கால்களைக் கிரவுண்டிலோ சப்ளையிலோ கட்டுங்கள். வெளியீட்டுக் கால்களை அப்படியே விடுங்கள். 245-இன் ஓ.இ. காலுக்கு 3.3 வோல்ட்டிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் புல்-அப் போட்டு, கன்ட்ரோலர் எழுந்தபிறகு அது கீழே இழுக்கட்டும். ஆன் செய்யும்போது பேனலில் வரும் அந்த ஒரு கணக் குப்பை பெரும்பாலும் அடங்கும். பேட்டரியில் ஓடும் வேலை என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: எச்.சி.டி. உள்ளீட்டில் 5-க்குப் பதில் 3.3 நிற்கும்போது சிப் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் குடிக்கும். மில்லில் அது கணக்கே இல்லை, தோட்டத்தில் சோலார் பேட்டரியில் நிற்கும் கருவியில் கணக்குத்தான்.

திருப்பூருக்கு, பாட்டில் சோதித்து 1.4 வோல்ட்டில் புரண்ட ஒரு எச்.சி.டி.245-ஐ எடுத்துப் போனேன். மாட்டியதும் எழுத்து கல்வெட்டு மாதிரி நின்றது. எஸ்.எம்.பி.எஸ். திருகை 5.0-க்கு இறக்கப் போனேன். மெயின்டனன்ஸ் பையன் வேண்டாமென்றார், வெளிச்சம் குறையுமாம். 5.28-லேயே விட்டுவிட்டு வந்தேன். 2.0 கேட்கும் சிப்புக்கு அது ஒரு பொருட்டில்லை. பொட்டலத்தில் மிஞ்சிய நான்கு எச்.சி.245-ஐத் தனி டப்பாவில் போட்டு, மூடியில் '3.3-இல் மட்டும்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.